மூன்று மில்லி

ஆண் அளவில் எட்டு, பெண் அளவில் மூன்று.
மூன்றில் ஒன்றுக்கு ஜிப் போய்விட்டது.
மூன்று வருடமாக இந்தப் பதினொன்றையும்
நல்ல தண்ணீரில் அலசி, உள்புறம் வெளியே திருப்பி,
நிழலில் தொங்கவிடுகிறேன்.
எதற்குள் யார் மூத்திரம் போனார்கள் என்பதுவரை தெரியும்.
எல்லாரும் போவார்கள். கேட்டால்
ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

கொல்லங்கோட்டில் பஸ் ஏறி
ஊரம்பில் எல்லை தாண்டும்போது கண்ணயர்ந்து
பூவாறு பாலத்தில் விழித்து
கோவளத்தில் இறங்குகிறவள் நான். பெயர் பிரிஸ்கா.
ஸ்கூபா கடையில் உடுப்பு எடுத்துக் கொடுக்கிற வேலை.

தடிமன் கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள் சார்.
ஐந்து மில்லி போட்டால் மிதப்பீர்கள்.
மிதப்பவரைத் தாழ்த்த இடுப்பில் ஈயம் கட்டவேண்டும்,
ஈயத்தைச் சுமக்க மூச்சு வேண்டும்,
மூச்சு அந்த சிலிண்டரில் எண்ணித்தான் இருக்கிறது.

கோயம்புத்தூர் பம்ப்செட்காரர் கேட்டார்:
கடல் வெதுவெதுன்னுதானேம்மா இருக்கு, பனியன் போதாதா?
போதும் சார், பத்து நிமிடத்துக்கு.
தண்ணீர் கொள்ளைக்காரன் மாதிரி வராது,
தினவட்டிக்காரன் மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும்.
நாற்பதாவது நிமிடம் பல் தந்தியடிக்கும்.
சொறி உரசினால் அது தனிக் கணக்கு.

நேற்று ஷிபின் சொன்னான்:
பெண்கள் கூட்டமாக வருகிறார்கள்,
கூட இறங்க ஒரு பெண் வேண்டும்.
பிரிஸ்கா சேச்சி, நாளைக்கு நீங்களும் இறங்குங்க.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எனக்கு நானே உடுப்பு எடுத்துக் கொடுத்தேன்.

முதலாவது: குனிந்தால்
முதுகின் குழிவில் என் முஷ்டி நுழைந்தது.
கடல் அதில் சத்திரம் போலப் போய்வரும். வேண்டாம்.
இரண்டாவது: எச்சில் விழுங்கக் கழுத்து இடம் தரவில்லை.
கல்யாண ஜாக்கெட் என்றால்
ஒரு நாளைக்கு மூச்சை ஒத்திவைக்கலாம்.
இது அப்படியில்லை.
மூன்றாவதற்குத்தான் ஜிப் இல்லையே.
ஆண்கள் அளவில் தேடினேன்.
தோள் சரியென்றால் இடுப்பு பிதுங்கியது,
இடுப்பு சரியென்றால் தோளில் இன்னொருத்திக்கு இடமிருந்தது.

அலமாரியின் அடியில், கணக்கில் வராத பன்னிரண்டாவது.
எந்த ஊர்ப் பையனோ விட்டுப்போனது,
பதினான்கு வயது என்று உள்ளே எழுதியிருக்கும்.
முழங்காலில் ஒட்டு, நானே பசை வைத்து ஒட்டியது.
பாதத்தில் ஜவுளிக்கடை கவரை மாட்டி நுழைத்தேன்.
நகம் படாமல், விரல் சதையால் மட்டும்
மெல்ல மேலேற்றினேன்.
சிசேரியன் தழும்பில் ரப்பர் ஒரு கணம் நின்றது.
பிறகு போயிற்று.
இரண்டு கையையும் தூக்கினேன், குத்தவைத்தேன்,
நீளமாக மூச்சு இழுத்தேன்.
எங்கும் ஒன்றும் சொல்லவில்லை.
மார்பில் மட்டும் ஒரு சுறா பல்லிளித்தது.

விழிஞ்ஞத்துப் பாறைக்கு வெளியே இறங்கினோம்.
மழைக்காலம் முடிந்து பத்து நாள்.
மேல் தண்ணீர் ஆறிய கஞ்சித்தண்ணி,
பன்னிரண்டு மீட்டரில்
யாரோ குளிர்பெட்டிக் கதவைத் திறந்தார்கள்.
கழுத்து வழியே ஒரு கீற்று
முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.
சேசுவே என்று கத்தினேன்.
குமிழாகப் போனது.

இறங்கிய கீற்று வெளியே போகவில்லை.
எனக்கும் ரப்பருக்கும் நடுவே நின்றது.
மூன்று நிமிடம் இருக்கும்,
இல்லை நான்கு.
பிறகு அது எது, நான் எது என்று தெரியவில்லை.
உள்ளே வரும் சார், வந்தது நிற்கணும், அவ்வளவுதான்
என்று நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்,
மனப்பாடமாக.

எங்கள் கரையில் ஆண்கள் மட்டும் பார்த்த பாறையில்
கல்லிறால் ஒன்று மீசையை ஆட்டியது.
வேறொன்றும் நடக்கவில்லை.

சாயந்திரம் கொடியில் பன்னிரண்டு தொங்கின.
சுறா போட்டதை மட்டும்
இரண்டு தரம் அலசினேன்.
ஷிபின் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கேட்டான்.

இல்லை என்றேன்.